அறிவித்துவிட்டால் நியாயமாகிவிடுமா?

எழுபது வயதைக் கடந்த ஒருவர் வைத்தியரைக் காண வந்திருக்கிறார். அவர் கையில் அரசாங்கம் வழங்கிய காப்புறுதி அட்டை இருக்கிறது. உழைத்த காலமெல்லாம் சம்பளத்தில் வரி கட்டிப் பெற்ற அட்டை அது. பரிசோதனைக்கு ஊசியை ஆயத்தஞ் செய்யும் வேளையில் ஒரு தாளை அவர் முன் நீட்டுகிறார்கள். இப்பரிசோதனைக்கு அரசாங்கக் காப்புறுதி பணங் கொடாது விடக்கூடும்; அவ்வாறு விட்டால் செலவு முழுவதும் உங்களுடையது; இதனை அறிந்துகொண்டதற்கு ஒப்பமிடுங்கள் என்கிறது அத்தாள். அவர் என்ன செய்வார்? கண்ணாடியைத் தேடுவார், பின்னே காத்திருப்போரைத் திரும்பிப் பார்ப்பார், பேனாவை வாங்கி ஒப்பமிட்டுவிடுவார்.

ஐக்கிய அமெரிக்காவிலே மிகச் சாதாரணமாகிவிட்ட காட்சி இது. கடல் கடந்த நாட்டின் தாள் ஒன்றைப் பற்றி இப்பத்திரிகை ஏன் எழுத வேண்டுமென வாசகர் வினவலாம். நம்மவர் பலரின் மக்கள் இன்று அந்நாட்டிலே குடியேறி முதுமையை எட்டிக்கொண்டிருக்கின்றனர். பெற்றாரும் அவர்களுடன் போய்ச் சேர்ந்திருக்கின்றனர். அது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அத்தாள் எழுப்பும் வினா எந்த நாட்டுப் பிரசைக்கும் உரிய வினா என்பது. அரசு தான் கொடுத்த வாக்கிலிருந்து விலகும்போது, “விலகக்கூடும்” என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அவ்விலகல் நியாயமாகிவிடுமா?

அட்டை பிறந்த கதை

தேசிய சுகாதாரக் காப்புறுதி வேண்டுமென 1945ஆம் ஆண்டில் சனாதிபதி ட்ரூமன் கேட்டார், கேட்டுத் தோற்றார். இருபது ஆண்டுகள் கழித்து, 1965ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி, ட்ரூமனின் சொந்த ஊராகிய இன்டிபென்டன்ஸ் நகருக்கே சென்று, அவர் அருகிலிருக்க, சனாதிபதி ஜோன்சன் மெடிக்கெயர் சட்டத்தில் ஒப்பமிட்டார். முதலாவது அட்டையும் ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய் வரக்கூடிய வயதினரை இலாபத்துக்குக் காப்புறுதி விற்பவன் விரும்பமாட்டான். ஆகவே 65 வயதை அடைந்தோரின் வைத்தியச் செலவை அரசே தாங்கட்டும் என்பது அச்சட்டத்தின் உட்பொருள்.

ஆனால் வாக்குக் கொடுத்த கையே எல்லையையும் வகுத்தது. நோயைக் கண்டறிவதற்கோ குணப்படுத்துவதற்கோ “நியாயமானதும் அவசியமானதும்” அல்லாத எதற்கும் பணங் கொடுக்கலாகாது என்பது அச்சட்டத்தின் 1862ஆம் பிரிவு. எது நியாயம், எது அவசியம் என்று தீர்மானிப்பவர் யார்? நோயாளியல்லர், அவரைத் தொட்டுப் பார்த்த வைத்தியருமல்லர். சிகிச்சை முடிந்து, பற்றுச்சீட்டு அனுப்பப்பட்ட பின்னர், அரசாங்கத்தின் சார்பிலே கணக்குத் தீர்க்கும் ஒப்பந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. உண்ட பின்பே சோற்றின் விலை தெரியவரும் நிலை இது.

மறுக்கப்பட்ட செலவை யார் சுமப்பது என்ற சிக்கல் விரைவிலேயே எழுந்தது. 1972ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 1879ஆம் பிரிவைச் சேர்த்து அதற்கு விடை சொல்லிற்று. சட்டம் பயின்றோர் பாராட்டத்தக்க விடை அது. பணங் கிடையாது என்பதை நோயாளியும் அறியார், சிகிச்சை அளித்தவரும் அறியார், அறிந்திருக்க நியாயமுமில்லை என்றால் அரசே செலுத்தட்டும். சிகிச்சை அளித்தவர் அறிந்திருந்து நோயாளி அறியாதிருந்தால், அளித்தவரே நட்டத்தை ஏற்கட்டும். நோயாளி முன்கூட்டியே அறிந்திருந்தால் மாத்திரம் அவர் செலுத்தட்டும். சுருங்கச் சொன்னால், அறிந்தவன் தலையிலே சுமை.

மூன்று கட்டங்கள்

இந்த மூன்றாவது விதியிலிருந்து பிறந்ததே நாம் மேலே கண்ட தாள். சீ.எம்.எஸ்.-ஆர்-131 என்பது அதன் இலக்கம். எந்தச் சேவை, ஏன் மறுக்கப்படலாம், எவ்வளவு செலவாகும் என்னும் மூன்றையும் அதிலே எழுத வேண்டும். செலவு மதிப்பீடு உண்மைத் தொகைக்கு 100 டொலர் அல்லது 25 வீதம், இவற்றுள் எது கூடியதோ அந்த எல்லைக்குள் அமைய வேண்டும். சிந்திக்கவும் பிறரைக் கலந்து பேசவும் அவகாசம் இருக்கத்தக்கதாகக் கொடுக்க வேண்டும். அவசர நிலையில் உள்ளவரிடம் நீட்டக் கூடாது. காரணமின்றி வருவோர் எல்லோரிடமும் வழமையாக ஒப்பம் வாங்கக் கூடாது. வெற்றுத்தாளில் ஒப்பம் பெறக் கூடாது. பிரதியொன்று நோயாளிக்குச் சேர வேண்டும். இவ்விதிகள் மீறப்பட்டால் அறிவித்தல் செல்லாது. செல்லாதவிடத்து நோயாளியிடம் பணங் கேட்கும் உரிமையும் இல்லை.

தாளின் கீழே மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவது: சேவை வேண்டும், மெடிக்கெயருக்கும் கணக்கு அனுப்புங்கள், மறுத்தால் நான் செலுத்துவேன், ஆனால் மேன்முறையீடு செய்வேன். இரண்டாவது: சேவை வேண்டும், மெடிக்கெயருக்குக் கணக்கு அனுப்ப வேண்டாம், நானே செலுத்துகிறேன். மூன்றாவது: சேவையே வேண்டாம். இரண்டாவதையோ மூன்றாவதையோ தெரிந்தவருக்கு மேன்முறையீடு இல்லை. மேன்முறையீடு செய்வதற்கு மறுப்பு என்று ஒன்று இருந்தால்தானே!

ஓர் உதாரணம் சொல்வோம். எலும்பின் உறுதியை அளக்கும் பரிசோதனைக்கு மெடிக்கெயர் பொதுவாக 24 மாதத்துக்கு ஒருமுறை பணங் கொடுக்கும். வைத்திய காரணம் இருந்தால் அதற்கு முன்பும் கொடுக்கலாம். பதினெட்டாம் மாதத்தில் ஒரு மூதாட்டிக்கு அப்பரிசோதனை வேண்டுமென வைத்தியர் கருதுகிறார். தாள் நீட்டப்படுகிறது. முதலாம் கட்டத்தில் அடையாளமிட்டால், காரணம் ஆராயப்பட்டுப் பணங் கிடைக்கவும் கூடும். இரண்டாம் கட்டத்தில் இட்டால், கிடைக்கக்கூடியதையும் தானே கைவிட்டவராவார். மூன்றாம் கட்டத்தில் இட்டால், முறியப் போகும் எலும்பைப் பற்றி அறியாமலே வீடு திரும்புவார். ஒரு சிறு கோடு கீறுவதிலே இத்தனையும் அடங்கியிருக்கிறது.

தாளின் நன்மையை நாம் மறுக்கவில்லை. அறிவியாது சிகிச்சை செய்து, பின்னர் ஆயிரக்கணக்கில் பற்றுச்சீட்டு அனுப்பி, முதியவரின் வீட்டு வாசலில் கடன்காரனை நிறுத்துவதினும் முன்பே சொல்வது எவ்வளவோ மேல். அறிவித்தல் இல்லாவிடிற் கடனும் இல்லை என்று விதித்தது நோயாளிக்குக் கிடைத்த நல்ல கவசம். ஆயினும் கவசத்தை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். ஒப்பம் பெற்ற கணத்திலிருந்து அதே தாள் மற்றவருக்குக் கவசமாகிறது. அதுவரை வைத்தியசாலையின் தலையிலோ அரசின் தலையிலோ இருந்த சுமை, ஒரு பேனாக் கீறலால் நோயாளியின் தலைக்கு மாறுகிறது.

ஊகம் தீர்ப்பாகுமா?

இத்தாளின் அடிப்படைக் குறை யாதெனில், அது தீர்ப்பன்று, ஊகம். “மெடிக்கெயர் கொடாது என எண்ணுகிறோம்” என்று சொல்பவர் மெடிக்கெயர் அல்லர். நட்டம் தமக்கு வந்துவிடலாகாது என அஞ்சும் ஒருவரே சொல்கிறார். அவரை நாம் குறை சொல்லவில்லை. சட்டம் அவரை அந்நிலையில் வைத்திருக்கிறது. ஆனால் நலன் உடைய ஒருவரின் ஊகத்தை நம்பி ஒரு முதியவர் தமக்கு உரித்தான சிகிச்சையைக் கைவிட்டால், அதற்குப் பொறுப்பாளி யார்? மறுத்தவர் எவருமில்லை, ஆகவே முறையிட இடமுமில்லை. எவரும் மறுக்காமலே உரிமை மறைந்துபோகிறது!

ஊகம் பிழைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. நீண்டகாலமாக ஒரு தவறான கருத்து நிலவிற்று. உடல்நிலை தேறும் வாய்ப்பு இல்லாதவருக்குத் தேர்ச்சி பெற்றோரின் தாதிமையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் மெடிக்கெயரிலே கிடையாது என்பதே அது. ஜிம்மோ எதிர் செபேலியஸ் என்னும் வழக்கிலே 2013ஆம் ஆண்டு சனவரியில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, தேறுதல் என்பது நிபந்தனையன்று, உள்ள நிலையைக் காப்பதற்கும் சீர்கேட்டைத் தாமதப்படுத்துவதற்கும் அச்சேவை தேவைப்பட்டாற் போதும் என்பது உறுதியாயிற்று. அதுவரை தவறான அளவுகோலை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டோருக்கு அவ்வாண்டுகளை யார் மீட்டுக் கொடுப்பார்?

இன்னொரு விந்தையும் உண்டு. பல் வைத்தியத்தின் பெரும்பகுதி, மூக்குக் கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றைச் சட்டமே புறம்பாக்கி வைத்திருக்கிறது. அவற்றுக்கு இத்தாளைக் கொடுக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை, விரும்பினாற் கொடுக்கலாம். முதுமையில் முதலிற் கெடுவன பல்லும் கண்ணும் காதும். கிடைக்கலாமோ கிடைக்காதோ என்ற ஐயமுள்ளதற்கு அறிவித்தல் கட்டாயம். நிச்சயமாகக் கிடைக்காது என்பதற்கு அறிவித்தல் கட்டாயமன்று! சட்டத்தை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்பது நீதிமன்றுக்குப் பொருந்தும் ஊகம். எழுபது வயது நோயாளிக்குப் பொருந்துமா?

மொழியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அத்தாளின் படிவம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிடப்பட்டுள்ளது. நோயாளி விளங்கிக்கொள்ளாத அறிவித்தல் குறைபாடுடையது என்பது அவர்களுடைய விதியே. விதி நல்லது. ஆனால் பேரன் பாடசாலைக்கும் மகள் வேலைக்கும் சென்றிருக்க, தனியே வந்த பாட்டிக்கு விளங்கிற்றா என்பதைத் தாதி எவ்வாறு அறிவாள்? தலையசைப்பை விளக்கமென்று கொள்வது எளிது. விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவனைத் தேடி அலைந்த அனுபவம் உடைய எமது வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கட்டிலிற் படுத்தவர் “வெளிநோயாளி”

அறிவித்தல் மாத்திரம் போதாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. வைத்தியசாலையிலே மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கே, பின்னர் தாதியர் இல்லத்திற் பெறும் பராமரிப்புக்கு மெடிக்கெயர் பணங் கொடுக்கும் என்பது சட்டம். வரம்பு 100 நாள். முதல் 20 நாளுக்கு முழுமையாக. மூதாட்டி ஒருவர் விழுந்து வைத்தியசாலைக்கு வருகிறார். கட்டிலிற் படுக்கிறார், அங்கேயே உண்கிறார், தாதியர் இரவும் பகலும் பார்க்கின்றனர். நான்கு நாள் கழிகிறது. பின்னர், அவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படவேயில்லை, “கண்காணிப்பில்” வைக்கப்பட்ட வெளிநோயாளி என்று சொல்கிறார்கள். தாதியர் இல்லச் செலவு முழுவதும் அவருடையது!

இக்கொடுமையைக் கண்டு 2015ஆம் ஆண்டு ஆகத்து 6ஆந் திகதி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 24 மணித்தியாலத்துக்கு மேல் கண்காணிப்பில் இருப்பவருக்கு, 36 மணித்தியாலத்துக்குள், எழுத்திலும் வாய்மொழியிலும் அந்நிலையை அறிவிக்க வேண்டும் என்றது அது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அறிவித்தல்கள் நடைமுறைக்கு வந்தன. நோயாளி அறிந்துகொண்டார். அறிந்து என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாது. அவ்வறிவித்தலை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமையை அச்சட்டம் வழங்கவில்லை. கிணற்றிலே தள்ளுவதற்கு முன் இது கிணறு என்று சொல்லிவிட்டுத் தள்ளுவது போன்றது இது.

இதனை எதிர்த்து 2011ஆம் ஆண்டிலேயே முதியோர் சிலர் வழக்குத் தொடுத்திருந்தனர். கனெற்றிக்கட் மாவட்டச் சமஷ்டி நீதிமன்று 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அவர்களிற் பலருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. முதலில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுப் பின்னர் வெளிநோயாளியாக மாற்றப்பட்டவருக்கு முறையிட வழியில்லாதிருப்பது, உரிய சட்டமுறையின்றி உடைமையைப் பறிக்கலாகாது என்ற அரசியல் யாப்பின் கட்டளைக்கு முரணானது என்பது தீர்ப்பு. 2022ஆம் ஆண்டு சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்று அதனை உறுதிசெய்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் விதிகள் வெளியாகி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிற்றான் மருத்துவமனையில் இருக்கும்போதே விரைந்து முறையிடும் வழி திறந்தது. வழக்குத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல்! வாதிகளின் வயதுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் எவ்வளவு நீண்டவை என்பதைச் சொல்ல வேண்டுமா? அப்பொழுதும், தொடக்கத்திலிருந்தே கண்காணிப்பில் மாத்திரம் வைக்கப்பட்டவருக்கு இவ்வழி திறக்கவில்லை.

அறிவித்தலைப் பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்று 1950ஆம் ஆண்டிலேயே, மலேன் வழக்கிலே, தெளிவாகச் சொல்லிவிட்டது. வெறுஞ் சடங்காகச் செய்யப்படும் அறிவித்தல் அறிவித்தலாகாது. ஒருவருக்கு உண்மையாகவே அறிவிக்க விரும்புபவன் எவ்வாறு அறிவிப்பானோ அவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பது நீதியரசர் ஜக்சன் எழுதிய அத்தீர்ப்பின் சாரம். ஏழையின் உதவிப்பணத்தை நிறுத்துமுன் அவனுடைய பக்கத்தைக் கேட்க வேண்டுமென 1970ஆம் ஆண்டு கோல்ட்பேர்க் எதிர் கெலி வழக்கிலே அதே மன்று தீர்த்தது. அறிவித்தலும் விசாரணையும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தொட்டிலிலிட்டு மற்றதைத் தெருவில் விடுவது நீதியாகாது.

மறுபக்கத்து வாதம்

பொதுப்பணத்துக்கு எல்லையில்லையா, கேட்டதற்கெல்லாம் கொடுத்தாற் கருவூலம் வெறுமையாகாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. தேவையற்ற பரிசோதனைகளாற் பொதுப்பணம் வீணாவதை நாமும் ஒப்பவில்லை. எல்லை வகுக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் எல்லையை வகுப்பவன் எல்லைக்கல்லையும் நாட்ட வேண்டும். கல்லை நாட்டாமல், “நீ தாண்டியிருக்கக்கூடும்” என்று வழிப்போக்கனிடம் ஒப்பம் வாங்குவது காவலுக்கு அழகன்று.

அப்படியாயின் முன்தீர்ப்பே வழங்கும் தனியார் திட்டங்கள் சிறந்தவையா என்றும் கேட்கலாம். மெடிக்கெயர் உரித்துடையோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இன்று தனியார் கொம்பனிகள் நடத்தும் திட்டங்களில் உள்ளனர். அங்கே இத்தாள் இல்லை; கொம்பனியிடம் முன்கூட்டியே முடிவு கேட்கலாம், மறுத்தால் முறையிடலாம். முறை நல்லது, முடிவு சொல்பவனோ மறுப்பதால் மிச்சம் பிடிப்பவன். சுகாதாரத் திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் அலுவலகம் 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு வாரத்துக்குள் பெரிய கொம்பனிகள் மறுத்த முன்அனுமதிக் கோரிக்கைகளிலே மாதிரிக்கு எடுத்து ஆராய்ந்தவற்றுள், நூற்றுக்குப் பதின்மூன்று மெடிக்கெயர் விதிகளுக்கு முற்றும் இசைந்தவையாய் இருந்தனவாம். ஆகவே வேண்டியது முன்தீர்ப்பு. அதையும் இலாப நோக்கில்லாதவர் வழங்க வேண்டும்.

எது வேண்டும்?

அவசரமல்லாத, செலவு மிகுந்த சிகிச்சைகளுக்கு, நோயாளி கேட்டால், குறித்த நாட்களுக்குள் அரசே கட்டுப்படுத்தும் முடிவைச் சொல்ல வேண்டும். நோயாளியின் நிலையை மாற்றும் எந்த அறிவித்தலும் முறையீட்டு உரிமையைத் தன்னுள்ளே கொண்டிருக்க வேண்டும். சட்டம் புறம்பாக்கிய சேவைகளுக்கும் அறிவித்தல் கட்டாயமாக வேண்டும். அறிவித்தல் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாக ஆலோசனை சொல்லும் காப்புறுதி உதவி நிலையங்கள் உள்ளன. ஒப்பமிடுமுன் அவர்களுடன் பேச நோயாளிக்கு உண்மையான அவகாசம் கிடைக்க வேண்டும்.

அங்கே வாழும் உறவினருக்கு எழுதும் வாசகர் இச்சில வரிகளையும் எழுதுவார்களாக. அவசரத்தில் ஒப்பமிடாதீர்கள். காரணத்தையும் தொகையையும் எழுதாத தாளுக்கு ஒப்பமிடாதீர்கள். சிகிச்சை வேண்டுமாயின், மெடிக்கெயருக்குக் கணக்கு அனுப்பும்படி கேட்கும் முதலாம் கட்டமே உங்கள் முறையீட்டு உரிமையைக் காப்பது. பிரதியை வாங்கி வையுங்கள். மறுப்புக் கிடைத்தால் முதல் முறையீட்டுக்கு 120 நாள் உண்டு. அது முடிவுமன்று, அதற்கு மேலும் நான்கு படிகள் உண்டு. வைத்தியசாலையிற் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும், “நான் உள்நோயாளியா, வெளிநோயாளியா?” என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அட்டை உங்கள் உழைப்பின் விலை.

அறிவித்தல் நீதியின் வாசற்படி, வீடன்று. வாசற்படியிலே நிறுத்தி ஒப்பம் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் அரசு, தான் சொல்லிவிட்டதாக மனநிறைவு அடையலாம். கேட்டவரும் மனநிறைவுடன் திரும்பும் நாளிலேதான் 1965ஆம் ஆண்டில் கொடுத்த வாக்கு நிறைவேறியதாகும். சொல்லிவிட்டேன் என்பது கைகழுவுவோனின் சொல். கேட்டுத் தீர்த்தேன் என்பதே ஆள்வோன் சொல்ல வேண்டிய சொல்.